மூன்று முறை கேட்கலாம்

ஹெட்போனில் ஒரு குழந்தை பேசியது. என் விரல்கள் தம்பாட்டுக்குத் தட்டச்சு செய்தன.

என் வேலை அதுதான். வீடுகளில் வைத்திருக்கும் ஸ்பீக்கர்களிடம் ஜனங்கள் சொல்வதைக் கேட்டு, சொல் பிசகாமல் அடிக்க வேண்டும். மெஷின் தமிழ் கற்றுக்கொள்கிறதாம். பெயர், முகவரி எதுவும் எங்களுக்கு வராது. வெறும் குரல், பத்துப் பன்னிரண்டு நொடி. ஒரு நாளைக்கு நானூறு கிளிப்.

நாலு வருஷமாகச் செய்கிறேன். விரல் கேட்கும், மனசு கேட்காது. பாத்திரம் கழுவுகிற மாதிரிதான்.

பக்கத்து மேசைக்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் வக்கீல். லேப்டாப் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருப்பாள். ஊரார் வீட்டுப் பேச்சைக் கேட்டுத்தான் அவளும் சம்பளம் வாங்குகிறாள், அது வேறு விஷயம். கம்பெனி எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஸ்பீக்கர் இலவசமாகக் கொடுத்தபோது அவள் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. நான் கூடத்து அலமாரியில் வைத்தேன்.

“வீட்டுக்குள்ள ஒற்றனைக் கொண்டுபோய் வச்சிருக்கியே, உனக்குப் புத்தி இருக்கா?” என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் அப்படி என்ன ரகசியம் கொட்டிக் கிடக்கிறது, ஆசை தீரக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்றேன்.

ஒரு கிளிப்பை மூன்று முறைதான் கேட்கலாம். அதற்குமேல் பொத்தான் வேலை செய்யாது.

முதல் முறையிலேயே குழந்தை சொன்னதை அடித்துவிட்டேன். பின்னால் யாரோ கத்துவதும் கேட்டது. அதற்கும் குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி. மறுபடி போட்டேன்.

“ஈரத் துண்டைக் கட்டில்மேல போடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!”

அடேயப்பா, என்ன வாய் இந்தப் பொம்பளைக்கு! கட்டிக்கொண்டவன் பாவம். ‘பின்னணியில் பெண் குரல், கோபம்’ என்று அடித்தேன்.

அடித்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஈரத் துண்டு. போன வெள்ளிக்கிழமை காலை.

அந்தப் பொம்பளை நான்தான்.

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

அப்படியானால் அந்தக் குழந்தை?

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு குழந்தை. என் மகள். ஆறு வயது. பிறந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

காது நன்றாகக் கேட்கிறது, தொண்டையில் கோளாறு இல்லை, அவளாகப் பேசும்போது பேசட்டும், நச்சரிக்காதீர்கள் என்றார் டாக்டர். நான் கேட்டேனா? தினமும் எதிரில் உட்காரவைத்து, ‘அம்மா சொல்லு, அம்மா சொல்லு’ என்று அவள் உயிரை எடுத்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் முன்னால் நிறுத்தினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பேசினால் அழைத்து வாருங்கள் என்று இந்த வருஷமும் பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எத்தனை லட்சம் வீடுகள்! எங்களைப் போல எத்தனை ஊர்களில் எத்தனை காதுகள்! அத்தனையையும் தாண்டி வந்து என் காதில் விழுந்திருக்கிறது. கடவுளே, என் பிள்ளைக்குக் குரல் இருக்கிறது.

ஆனால் அந்தக் குரல் எப்படி இருந்தது? ஞாபகமில்லை. சத்தியமாக ஞாபகமில்லை. முதல் முறை விரல்தான் கேட்டது. இரண்டாம் முறை நான் என் கத்தலையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒரே ஒரு முறை.

போன் வெளியே லாக்கரில் இருந்தது. பதிவு செய்ய வழியில்லை. சூப்பர்வைசர் காலில் விழுந்தாவது ஒரு பிரதி வாங்கிவிடலாம். பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்டலாம். அவள் அப்பாவுக்கு, டாக்டருக்கு, ஊமை என்று முகத்துக்கு நேராகவே சொன்ன என் நாத்தனாருக்கு.

கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது முறை போட்டேன்.

லேசான கரகரப்பு. நான் இத்தனை நாள் நினைத்து வைத்திருந்த கீச்சுக் குரலே இல்லை. திக்கல் இல்லை, தடுமாற்றம் இல்லை, ரொம்ப நாளாகப் பேசிப் பழகியவள் மாதிரி. கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு. என்ன சொன்னாள் என்று அப்போதும் காதில் ஏறவில்லை. குரலை மட்டும்தான் கேட்டேன். அழுதுவிட்டேன்.

பொத்தான் மங்கியது.

சூப்பர்வைசரைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன். அப்போதுதான், திரையில் நானே அடித்து வைத்திருந்த வரியைப் படித்தேன்.

‘நான் பேசுறேன்னு அம்மாகிட்ட சொல்லிடாத. எல்லாருக்கும் பேசிக் காட்டுன்னு சொல்லுவா.’

தூக்கிய கையை இறக்கினேன்.

கிளிப் முடிந்ததும் கீழே ஒரு கேள்வி வரும். பிறர் அறியக் கூடாத செய்தி இதில் உண்டா? உண்டு என்றால் அந்தக் கிளிப் அடியோடு அழிந்துவிடும். நாலு வருஷத்தில் நான் ‘இல்லை’யைத் தவிர வேறெதையும் அழுத்தியதில்லை.

‘உண்டு’ என்பதை அழுத்தினேன்.

அவள் அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. கூடத்துக்குள் நுழையும்முன் மட்டும், இப்போதெல்லாம் வெளியிலேயே நின்று ஒருமுறை செருமிவிட்டுத்தான் போகிறேன்.