அணைத்த கை

புதிதாகச் சேர்ந்தவள் டங்ஸ்டன் கம்பியைச் சூடாக்கிக் கொடிபோல வளைத்ததற்கு முதலாளி "சபாஷ்" என்றார். மூத்த மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷத்தில் அவர் காதில் விழாத வார்த்தை அது.

இன்று கம்பி வாங்குகிறவர்களுக்கு அவள் செய்து காட்டப்போகிறாள். அவர்களை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனாள். மெக்கானிக் கம்பி கிடந்த உலையின் சுவிட்சை அணைத்தார்.

"ஆறிப்போனா கண்ணாடி மாதிரி உடையும். அவ மூக்கும் சேர்ந்து உடையட்டும்!"

எல்லார் முன்னாலும் அவள் வளைத்தாள். படக்! கம்பி இரண்டானது.

"பாத்தீங்களா? கம்பி உடையுதுன்னு புகார் சொன்னீங்களே, உங்க ஆளுங்க இப்படித்தான் சூடாக்காம வளைச்சிருக்காங்க. அதான் உடைஞ்சிருக்கு. எங்க கம்பியில குறையே இல்ல" என்றாள்.

வந்தவர்கள் தலையாட்டினார்கள். "சபாஷ்!" என்றார் முதலாளி.

அவள் மெக்கானிக்கிடம் வந்து கிசுகிசுத்தாள்.

"ரொம்ப நன்றிண்ணே! உலையை அணைக்கச் சுத்தமா மறந்துட்டேன். நீங்க மட்டும் அணைக்கலேன்னா இன்னிக்கு என் மானமே போயிருக்கும்!"