ஒத்துப்போகிற காலண்டர்

"இன்னொரு மீட்டிங்கைத் தவற விட்டா சீட்டைக் கிழிச்சுடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டார் மேடம். மாமியாருக்கு நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையிறவனுக்கு மீட்டிங் எங்கே ஞாபகம் இருக்கும்?"

போனில் அழாத குறையாகப் பேசினார் அக்கவுண்டன்ட். வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்று காலண்டர்களைப் போட்டுப் பார்த்துவிட்டார். ஒன்று ஆபீஸ் சர்வரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொன்று எல்லா மீட்டிங்கையும் ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டியது. மூன்றாவது பாஸ்வேர்டைக் கேட்டுக் கேட்டே உயிரை எடுத்தது.

"கவலைப்படாதீங்க சார்," என்றாள் ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவுப் பெண். "இப்ப நான் அனுப்பியிருக்கிறதைப் போடுங்க. நம்ம சர்வரோட அப்படியே ஒத்துப்போகும். அங்கே இருக்கிறது இங்கே வரும், நீங்க இங்கே குறிச்சு வச்சிருக்கிறது அங்கே..."

"வந்துடுச்சு மேடம்! எல்லா மீட்டிங்கும் வந்துடுச்சு! என் வயித்துல பாலை வார்த்தீங்க!"

போனை வைத்த வேகத்தில் மறுபடியும் அடித்தது. மேனேஜர்.

"ஆபீஸ் காலண்டர்ல இப்பத்தான் பார்த்தேன். வர்ற வெள்ளிக்கிழமை காலையில உங்க மாமியாருக்கு நெஞ்சுவலி வரப் போகுதுன்னு குறிச்சு வச்சிருக்கீங்களே! பாவம், இன்னிக்கே ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்க. கூடவே இருந்து நிம்மதியா கவனிச்சுக்கோங்க. இனி உங்களுக்கு எந்த மீட்டிங்கும் கிடையாது."