எட்டாம் வாரத்துப் படம்

தலையை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

அவர் அசைக்கவில்லை. ஸ்கேன் எந்திரம்தான் காதோரம் டமடமவென்று தட்டிக்கொண்டிருந்தது.

கண்ணுக்கு மேலே சின்னக் கண்ணாடி. அதில் முகங்கள் வந்தன. எல்லாம் பயந்த முகங்கள். ஆண் என்றால் வலது பொத்தான், பெண் என்றால் இடது.

எட்டு வாரத்துக்கு முன்னால் வந்தவையும் இதே முகங்கள்தான். அன்றைக்கு ஒவ்வொன்றும் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

இன்றைக்கு, இந்த மீசைக்காரர் எதைக் கண்டு இப்படி விழிக்கிறார் என்று யோசித்தார். பாம்பா, வரி அதிகாரியா?

அடுத்தது ஒரு பெண். பயப்படச் சொல்லிப் படம் எடுத்தார்களா, பயமுறுத்தி எடுத்தார்களா?

யோசித்துக்கொண்டே இடதை அழுத்தினார்.

ஈரோட்டில் மஞ்சள் மண்டி. முப்பது வருடம். சரக்கு எவ்வளவு பிடித்துப்போனாலும் விலை படியும்வரை முகத்தைச் சுளித்தே வைத்திருப்பார்.

சித்திரையில் ஒரு விடியற்காலை, கிணற்று விளிம்பில் நின்றவரை மனைவி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

அதன்பிறகு இந்த மாத்திரை. புதியது, சோதனையில் இருப்பது. தருவது மருந்தா வெறும் மாவா என்று தருகிற டாக்டருக்கே தெரியாதாம். இப்படி ஒரு வியாபாரத்தை அவர் கேள்விப்பட்டதில்லை.

வாராவாரம் கேள்வி.

தூக்கம்? சுமார்.

பசி? சுமார்.

வீட்டிலும் அதே பதில்தான்.

பதினாலு பக்க ஒப்புதல் படிவத்தில், இலவசம் என்ற வரியை மட்டும் மூன்று தடவை படித்திருந்தார்.

ஸ்கேன் முடிந்து நாலு நாள் கழித்து, டாக்டரம்மா எட்டு வார இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைத் திரையில் அருகருகே வைத்தார். மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் ஓரிடம், பயம் கிளம்புகிற இடமாம். ஒன்றில் செக்கச்செவேல். மற்றதில் மங்கல்.

"ஒருத்தர் படத்த வெச்சு எதையும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா படம் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்களே?"

அவர் செருப்பைப் பார்த்தார்.

"நல்லாருக்குன்னா மாத்திரைய நிறுத்திப்போடுவீங்களேன்னுதானுங்க..."

"தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டீங்க. குணம் தெரியறவங்களுக்குத்தான் மேல தருவோம். சொல்லுங்க, இப்ப எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கறனுங்க." ஒரு நொடிகூட ஆகவில்லை. "ஒரு மாசமாவே."

பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதமாக அவர் தூங்குகிறாரா என்று இருட்டில் மூச்சை உற்றுக் கேட்டவள். அவர் பேரம் பேசுவதை முப்பது வருடம் பார்த்தவள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"இதுல எதுங்க புதுசு?"