நவம்பர் மாதச் சூரியப் புள்ளிகள்

எட்மண்டும் மனைவி அருள்செல்வியும் திருமுல்லைவாயில் வீட்டு மொட்டைமாடியில் தினமும் காலையில் தொலைநோக்கி வழியே சூரியனை வெள்ளை அட்டையில் விழவைத்து, அதன் கரும்புள்ளிகளை எண்ணுவார்கள். மாதாமாதம் ஆராய்ச்சி நிலையத்துக்குப் படிவம் போகும். 1991 ஜூனில் அவள் இறந்தாள். அவன் எண்ணுவதை விட்டுவிட்டான்.

அந்த வருட டிசம்பரில், ஆராய்ச்சி நிலையத்தின் மாதக் கூட்டத்தன்று, அவர்கள் தந்திருந்த தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுக்கப் போனான்.

“இன்னா சார், நீங்க டபாய்ச்சிட்டீங்க. உங்க ஊட்டுக்காரம்மா மட்டும் கரெக்டா அனுப்பிக்கினு கீறாங்க,” என்று சிரித்தார், அவள் இறந்தது தெரியாத நிலையக் குமாஸ்தா ரகுநாதன். நவம்பர் படிவத்தை எடுத்து நீட்டினார்.

அவள் கையெழுத்துதான். அந்த மாதம் பாதி நாள் அடைமழை, சூரியனே தெரியவில்லை. படிவத்தில் ஒரு நாள்கூட விடுபடவில்லை.

“மத்த ஊர்க்காரங்க கணக்கோட அப்படியே ஒத்துப்போவுது சார். ஜூலைக்கு முன்னாடி ஒரு தடவகூட இப்படி ஒத்துப்போனதில்ல.”

அவள் எண்ணியதை எட்மண்ட் ஒருநாளும் நம்பியதில்லை. ஒவ்வொரு மாதமும் அவள் எண்களை அடித்து, தன் எண்களை எழுதி, கீழே ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புவான்.

அவன் பார்வை கீழே இறங்கியது. அந்த இடத்தில் அவள் எழுதியிருந்தாள்: ‘தேவையில்லை.’