நடுவில் ஒரு சொல்

அந்தச் சொல்லை மட்டும் அவள் மற்றவற்றைவிடப் பெரிதாக எழுதினாள்.

சைலண்ட்லி.

ஆஸ்பத்திரி வாசலில் போராட்டத்தில் இருந்த நர்சுகளோடு தரையில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து, கறுப்பு மார்க்கரால் அழுத்தி அழுத்தி எழுதினாள்.

வீ ரெஃப்யூஸ் டு சைலண்ட்லி சஃபர்.

வாயை மூடிக்கொண்டு கஷ்டப்பட முடியாது என்று அர்த்தம்.

பக்கத்தில் இருந்த சீனியர் நர்ஸ் எப்சிபா எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, அந்த மனுசன் அடிச்ச எடத்துலயே திரும்பவும் எழுதுதியே.”

“தெரிஞ்சுதான்க்கா எழுதுதேன்.”

அந்த மனுசன் என்றால் நிர்வாக அதிகாரி ஞானதுரை. முன்பு காலேஜில் இங்கிலீஷ் வாத்தியார். வேலை மாறிவிட்டது. சட்டைப்பையில் இருக்கும் சிவப்புப் பேனா மாறவில்லை.

ராத்திரி டியூட்டிக்கு வார்டில் இன்னொரு நர்ஸ் வேண்டும். நர்சுகள் கேட்டது அவ்வளவுதான். இதே வரியையும் போட்டு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்தார்கள்.

மனு திரும்பி வந்தது. பதில் இல்லை. சிவப்பு மை இருந்தது.

‘டு’வையும் அதன் வினைச்சொல்லையும் பிரித்து நடுவில் எதையும் நுழைக்கக் கூடாதாம். சைலண்ட்லியை அடித்து, அம்புக்குறி போட்டு, வரியின் கடைசிக்குத் தள்ளியிருந்தார். கீழே ஒரு குறிப்பு. திருத்தி எழுதி வரவும்.

திருத்தி எழுதினார்கள். வேறு இடத்தில் சுழித்து வந்தது. அதையும் திருத்தினார்கள். இன்னொரு இடத்தில் சுழித்து வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மனுவிலும் அவள் அந்தச் சொல்லை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். வீம்புக்குத்தான்.

“வெள்ளக்காரனே இப்பம் அப்படித்தான் எழுதுதானாம்,” என்று எப்சிபா சொல்லிச் சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

கடைசி மனுவில் அவள் தன்னைப் பற்றியும் எழுதினாள். நிறைந்த வார்டில் ஒற்றை ஆளாக ஓடி ஓடி, வயிற்றிலிருந்த ஐந்து மாதப் பிள்ளை போனதை ஒரே வரியில் எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை.

அந்த வரியில் ஒரு கமா போட்டுத் திருப்பி அனுப்பினார்.

கமா வர வேண்டிய இடம்தான். அதனால்தான் அவளுக்கு ஆறவே இல்லை. அப்படியென்றால் அந்த வரியை நன்றாகப் படித்திருக்கிறார்.

இன்று காலை வந்த நிருபர்களிடம் நிர்வாகம் ஒரே போடாகப் போட்டுவிட்டது. நர்சுகளிடமிருந்து எந்த மனுவும் வரவில்லையாம்.

திரும்பி வந்த தாள்களை அவள் காட்டினாள். முத்திரை கிடையாது. கையெழுத்து கிடையாது.

“சிவப்புப் பேனா யார்ட்டதான் இல்ல சிஸ்டர்,” என்றார் ஒரு நிருபர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

மத்தியானத்துக்குள் டியூட்டிக்கு வராதவர்களுக்கு இனி வேலை இல்லை என்று மைக்கில் சொன்னார்கள். சின்னப் பெண்கள் சிலர் முகம் வெளிறி எழுந்தார்கள். நிருபர்கள் எதிர்க் கடையில் டீ சொன்னார்கள். குடித்து முடித்தால் கிளம்பிவிடுவார்கள்.

அப்போதுதான் அவள் அட்டை கேட்டு வாங்கினாள்.

எழுதி முடித்து எழுந்து நின்றாள். அட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, மாடியில் அவருடைய ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

காலையிலிருந்து எத்தனையோ கோஷம் போட்டாயிற்று. அந்தத் திரை அசையவில்லை.

இப்போது அசைந்தது.

“வெயில் மண்டையப் பொளக்கு. உக்காருட்டி. அவராவது, எறங்கி வாரதாவது.”

“வருவாருக்கா. அவரால சும்மா இருக்க முடியாது.”

கை வலித்தது. இறக்கவில்லை.

வந்தார். செக்யூரிட்டியை விலக்கிக்கொண்டு, அறைக்குள் போடும் ரப்பர் செருப்போடு வந்தார். கூட்டத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக அட்டையிடம் வந்தார்.

“கொண்டாங்க சிஸ்டர் அதை.”

கொடுத்தாள்.

சிவப்புப் பேனா அட்டையில் எழுதவில்லை. உதறிப் பார்த்தார். அவள் மார்க்கரை நீட்டினாள். ரொம்பப் பணிவாக நீட்டினாள்.

எதிர்க் கடையில் டீ கிளாஸ்கள் கீழே வைக்கப்பட்டன. நிருபர்கள் ரோட்டைத் தாண்டி வந்தார்கள். அதிகாரிக்குக் கண் அட்டையிலேயே இருந்தது.

“ரோட்ல போறவன் பார்த்தா நம்ம ஆஸ்பத்திரியப் பத்தி என்ன நெனைப்பான்? நீங்க குடுத்த மனு ஒவ்வொண்ணுலயும் இதே தப்பு. நானும் ஒவ்வொரு தடவையும் திருத்தி அனுப்புதேன். மண்டையில ஏற மாட்டேங்குதே.”

எழுந்து போன சின்னப் பெண்களும் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

“எந்த மனு சார்?” என்று கேட்டார் நிருபர். கைப்பேசி அவர் கையில் உயர்ந்திருந்தது.

மார்க்கர் பாதியில் நின்றது. சைலண்ட்லி அடிபடாமல் இருந்தது. அட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதிகாரி, எழுத்து வெளியே தெரிய, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்து எப்சிபா தோளைத் தொட வந்தாள்.

அவள் அழவில்லை. இரண்டு எட்டு வைத்து அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஒண்ணுல கமா போட்டீங்களே சார். அது எந்த வரின்னும் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு, கோணலாக இருந்த அட்டையை அவர் கையிலேயே நேராக்கி வைத்தாள்.