தேயாத பிளேடு

“உண்மையைச் சொல்லிடு. இந்த நாலு பிளேடையும் எங்கயிருந்து சுட்டே?”

தலைமை ஆபீஸிலிருந்து மிஷின் பரிசோதனைக்கு வந்திருந்த இன்ஜினியர் அப்படிக் கேட்டதும் ஆபரேட்டர் தன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார்.

“சத்தியமா மிஷினோட வந்த பிளேடுதான் சார். மூணு வருஷமா இதேதான்.”

யார் நம்புவார்கள்? ஈர கான்கிரீட்டின் மேல் ஃபேன் மாதிரி சுற்றிச் சுற்றித் தரையை வழவழப்பாக்கும் மிஷின் அது. மூன்று வருஷம் சுற்றிய பிளேடு இந்நேரம் காகிதமாய் மெலிந்திருக்க வேண்டும். இதுவோ விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை கணக்காய்ப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

இன்ஜினியர் லேசில் விடுகிற ஆளில்லை. பிளேடின் தடிமனை அளந்து பார்த்தார், ஒரு நூல்கூடக் குறையவில்லை. அதைத் தாங்கும் இரும்புக் கைகளைப் பிடித்து ஆட்டினார், ஆடவில்லை. கியர் பெட்டியைத் திறந்து ஆயிலை முகர்ந்தார், சமையலுக்கே ஊற்றலாம் போலிருந்தது.

‘மிஷினில் எந்தப் பாகம் தேய்ந்தாலும் ஆபரேட்டரே பொறுப்பு’ என்று தலைமை ஆபீஸ் ஒரு சர்க்குலர் போட்டிருந்தது. இரும்பு கான்கிரீட்டில் உரசினால் தேயாதா என்று திருப்பிக் கேட்க யாருக்கும் தைரியமில்லை. பிளேடு தேய்ந்த குற்றத்துக்கு மற்ற மூன்று சைட் ஆபரேட்டர்களும் இப்போது சிமெண்ட் மூட்டை சுமந்துகொண்டிருந்தார்கள். நம்மவருக்கு வயது ஐம்பத்து நாலு, இடுப்பு வலி வேறு. மூட்டை தூக்கினால் மனுஷன் கதை கந்தல்தான்.

“ஸ்டோர்கீப்பர்! இவருக்குப் புது பிளேடு எத்தனை குடுத்தே?”

“ஒண்ணுகூட இல்ல சார். ஒரு நட்டு, போல்ட்டுகூடக் கேட்டதில்ல” என்றார் ஸ்டோர்கீப்பர். “மிஷினை அப்படி வச்சிருக்காரு. ஹால் கதவைச் சாத்திக்கிட்டு வேலையை ஆரம்பிச்சார்னா, உள்ள மிஷின் ஓடுதுன்னே வெளிய நிக்கிறவனுக்குத் தெரியாது!”

“கதவை எதுக்கய்யா சாத்துறே?”

“ஈரத்துல யாராச்சும் கால் வச்சிருவாங்க சார்” என்றார் ஆபரேட்டர்.

தரையிலாவது குறை கண்டுபிடிக்கலாம் என்று இன்ஜினியர் ஹாலுக்குள் போனார். மேடில்லை, பள்ளமில்லை. குனிந்து பார்த்தால் மூக்கிலிருக்கும் முடிகூடத் தெரிந்தது.

திரும்பி ஆபரேட்டரை ஏற இறங்கப் பார்த்தார். பேன்ட்டில் இரண்டு முட்டியும் கிழிந்து, ஒட்டுப் போட்டு, ஒட்டும் கிழிந்திருந்தது. இன்ஜினியருக்குக் கண் கலங்கிவிட்டது.

“முட்டி போட்டு உக்காந்து கிரீஸ் வச்சே பேன்ட்டு இந்தக் கதி ஆயிருக்கு. மிஷினைப் பெத்த பிள்ளையா பாத்திருக்கீங்க. உங்களைப் போய் சந்தேகப்பட்டேனே, மன்னிச்சிருங்கண்ணே!”

ஆபரேட்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூட்டையிலிருந்து தப்பித்தாயிற்று.

இன்ஜினியர் அங்கேயே நின்று தலைமை ஆபீஸுக்கு போன் போட்டார். “ஆமா சார்... நானே என் கண்ணால பாத்தேன்... சரி சார், இப்பவே சொல்லிடுறேன்.”

போனை வைத்துவிட்டு ஆபரேட்டரின் தோளில் கை போட்டார். “அண்ணே, இனிமே உங்களை யாரும் அசைச்சுக்க முடியாது. மத்த மூணு சைட் மிஷினையும் உங்ககிட்டயே ஒப்படைக்கச் சொல்லிட்டாங்க. நாளையிலிருந்து நாலு சைட் தரைக்கும் நீங்கதான்!”

ஸ்டோர்கீப்பர் கை தட்டினார். ஆபரேட்டர் தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“மூட்டையே தூக்குறேன் சார்... நாலு சைட் தரையையும் நான் ஒருத்தனே எப்படி சார் கையால தேய்ப்பேன்?”