தை மாதத்து மொட்டு

“அண்ணை, அதைத் தொடாதேங்கோ! அது மாதா வைச்ச மொட்டு.”

யசிந்தா போட்ட சத்தத்தில் அரியரத்தினம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

அந்தக் குளிர்நாட்டு ஊரான இல்-பிசாரில் அன்று மைனஸ் இருபத்தெட்டு பாகை. பின்வளவு முழுக்க இடுப்பளவு பனி. றோசாச் செடியைச் சுற்றி மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு மண் ஈரமாகக் கறுத்துக் கிடந்தது. கொப்பு நுனியில் இளஞ்சிவப்பாக ஒரு மொட்டு.

“நான் வித்த செடிதானே, பிள்ளை. குளிர்நாட்டுக்கெண்டே உண்டாக்கின இனம். என்ன பனியிலயும் சாகாது. ஆனா தையில மொட்டு வைக்காது.”

“அதுதான் அண்ணை, மாதாவின்ர புதுமை.”

சொன்னவளின் முகத்தில் சந்தோசம் இல்லை. கோட்டுக்கூடப் போடாமல் ஓடிவந்திருந்தாள். கையில் செபமாலை.

“பக்கத்து வீட்டு மனிசி படம் எடுத்துக் கோயில் ஆக்கள் எல்லாருக்கும் அனுப்பிப்போட்டா. ஞாயிறு பூசை முடிய எல்லாரும் வருகினமாம், சாமியாரும்” என்றார் அரியரத்தினம்.

“ஐயோ, வேண்டாம் அண்ணை! செடி வித்த நீங்கள் சொன்னால் கேப்பினம். மறிச்சுப்போடுங்கோ.”

“ஏன் மறிக்க? உம்மட தம்பி றெனோல்டையும் குடிவரவுக்காரர் ஊருக்குத் திருப்பி அனுப்பினாப் பிறகு தனியத்தானே இருக்கிறீர். நாலு சனம் வந்து போனால் நல்லதுதானே.”

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் அவருக்கு அது கேட்டது. செடிக்குள் யாரோ மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம். குனிந்து கையுறையைக் கழற்றி மண்ணில் உள்ளங்கையை வைத்தார். யாரோ இப்போதுதான் படுத்தெழும்பிய பாயைப்போல இளஞ்சூடு.

“அண்ணை, போதும். எழும்புங்கோ.”

அவர் முட்கொப்புகளை விலக்கினார். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இரும்புக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து வந்த வெக்கை முகத்தில் பட்டது.

“கீழ என்ன இருக்கு?”

“ஒண்டுமில்லை. வீட்டை வித்த வெள்ளைக்காரர் கிழங்கு போட்டு வைச்ச அறை. பூட்டிக் கிடக்கு.”

அரியரத்தினம் இன்னும் குனிந்தார். குழாய்க்குள்ளிருந்து, வெகு கீழேயிருந்து, ஒரு ஆண் குரல் மெல்ல எழுந்தது.

“அக்கா... அந்த ஆள் போயிட்டாரோ?”

யசிந்தா பனியில் அப்படியே முழங்காலில் விழுந்தாள். அரியரத்தினம் கோட்டுப் பையிலிருந்த செடி வெட்டும் கத்தரியை எடுத்து அந்த மொட்டை நறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, “குளிருக்குக் கருகிப்போச்செண்டு சொல்லுறன், பிள்ளை. ஞாயிறு ஒருத்தரும் வராயினம்” என்றார்.